கப்பல் டிக்கெட் யார் காசு?

டைட்டானிக் படம் பார்க்காதவர்கள் நம்மில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். 1997-ல் வந்தது. அதற்குப் பிறகு அட்லாண்டிக் கப்பல் பயணம் என்றாலே நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது நான்கு புகைபோக்கி, வளைந்து இறங்கும் படிக்கட்டு, கப்பல் முனையில் கை விரித்து நிற்கும் ஜோடி. அந்தப் படத்தில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் யாரும் பேசுவதில்லை. கதாநாயகியின் முதல் வகுப்பு டிக்கெட், வருங்கால மாப்பிள்ளையின் காசு. கதாநாயகனின் மூன்றாம் வகுப்பு டிக்கெட், சீட்டாட்டத்தில் ஜெயித்தது. ஒருத்தி அந்த டிக்கெட்டுக்காக ஆயுள் முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொருத்தன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பனிப்பாறை எல்லாம் அப்புறம், கதையே இந்த இரண்டு டிக்கெட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி :-)

இதை ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். இங்கே கடல் கிடையாது. ஹுசேன் சாகரில் புத்தர் சிலைக்குப் போகும் படகுதான் நமக்கு வாய்த்த கப்பல். ஆனாலும் 'டிக்கெட் யார் காசு?' என்ற கேள்விக்கு இந்த ஊரில் ஒரு பழைய கதை இருக்கிறது. அதில் நம் ஊர்க்காரர்களின் பங்கும் இருக்கிறது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

1893 பிப்ரவரி. விவேகானந்தர் சென்னையிலிருந்து ரயிலேறி ஹைதராபாத் வந்தார். அப்போது அவர் உலகப் புகழ் பெற்றவர் இல்லை. முப்பது வயதுத் துறவி, அவ்வளவுதான். அமெரிக்காவில் நடக்கவிருக்கும் சர்வமத மாநாட்டுக்குப் போகலாமா என்ற யோசனையில் இருந்தார். 13-ஆம் தேதி செகந்தராபாத் மஹபூப் கல்லூரியில் ஆங்கிலத்தில் பேசினார். 'மேல்நாட்டில் என் பணி' என்பதுதான் தலைப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தை 1862-ல் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார். பெயரைப் பார்த்தாலே தெரியும், நம்மைப் போல இங்கே வந்து வேர் விட்ட குடும்பம். எஸ்.டி. ரோடு பக்கம் போகிறவர்கள் அடுத்த முறை அந்தக் கட்டடத்தை நின்று பாருங்கள்.

அந்தப் பேச்சுக்கு முந்தைய நாள் விவேகானந்தர், நவாப் குர்ஷித் ஜாவைச் சந்தித்தார். நிஜாமுக்கு அடுத்த படியில் இருந்த பைகா பிரபுக்களில் ஒருவர். நிஜாம் வீட்டு மாப்பிள்ளை. வெகுநேரம் பேசியபின் நவாப், உங்கள் பயணத்துக்கு ஆயிரம் ரூபாய் தருகிறேன், இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். 1893-ல் ஆயிரம் ரூபாய்! கடல் தாண்டப் பணம் தேடிக்கொண்டிருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? விவேகானந்தர் வாங்கவில்லை. இன்னும் நேரம் வரவில்லை, வரும்போது சொல்கிறேன் என்று மரியாதையாக மறுத்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறிவிட்டார்.

சென்னையில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. திருவல்லிக்கேணியில் அளசிங்கப் பெருமாள் என்று ஒரு பள்ளி ஆசிரியர். பச்சையப்பன் பள்ளியில் வேலை. 1865-ல் சிக்மகளூரில் பிறந்தவர், மாண்டயம் ஐயங்கார் குடும்பம். தலைமுறை தலைமுறையாகக் கர்நாடகத்தில் இருந்தும் வீட்டில் தமிழ் பேசும் கூட்டம் அது. ஆக, இவரும் ஒருவகையில் நம்ம கேஸ்தான். இந்த வாத்தியார் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வசூல் செய்தார். நடுத்தரக் குடும்பங்களிடம் கேளுங்கள், நான் போவதே ஜனங்களுக்காகத்தான் என்பது விவேகானந்தர் சொன்ன யோசனை. குமாஸ்தாக்கள், வக்கீல்கள், வாத்தியார்கள் கொடுத்தார்கள்.

ராஜாக்களே கொடுக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. கொடுத்தார்கள். சென்னைக்காரர்கள் பி அண்ட் ஓ கம்பெனியின் 'பெனின்சுலர்' கப்பலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்திருக்க, கேத்ரி மகாராஜாவின் ஆள் அதை முதல் வகுப்பாக மாற்றிக் கொடுத்தார். 1893 மே 31, பம்பாய்த் துறைமுகம். சென்னையிலிருந்து பம்பாய் வரை வந்து வழியனுப்பியவர்களில் அளசிங்கப் பெருமாளும் உண்டு.

கப்பலேறிய பிறகு துறவிக்கு வந்த முதல் கஷ்டம் என்ன தெரியுமா? லக்கேஜ். ஒரு தண்டம், ஒரு கமண்டலம், ஒன்றிரண்டு புத்தகம் என்று அலைந்தவருக்குத் திடீரென்று பெட்டி படுக்கைகளைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிவிட்டது என்று யோகோஹாமாவிலிருந்து எழுதிய கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார். (23 கிலோ இரண்டு பெட்டி, அதில் ஊறுகாய் உடைந்துவிடுமோ என்று பதறுகிறவர்கள் கவனிக்கவும்.) இரண்டாவது கஷ்டம் குளிர். 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' கப்பலில் பசிபிக்கைக் கடக்கும்போது கனமான உடுப்பு இல்லாமல் நடுங்கிப் போனார். ஜூலை 25-ல் வான்கூவர். அங்கிருந்து சிகாகோ. மாநாடு செப்டம்பர் 11-ல்தான். சீக்கிரம் போய்விட்டதால் கையிருப்பு கரைய ஆரம்பித்தது. ஆகஸ்ட் 20 அன்று அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் செலவுக் கணக்குத்தான் பெரிய பாடு. மறுபடி பணம் தேவைப்பட்டபோதும் கேட்கப்பட்ட இடம் அதே சென்னைதான்.

சிகாகோவில் நடந்தது உலகத்துக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். அட்லாண்டிக்கை அவர் முதலில் கடந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. 1895 ஆகஸ்ட் 17, நியூயார்க்கிலிருந்து 'லா டூரேன்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் பிரான்ஸுக்கு. நண்பர் பிரான்சிஸ் லெகெட்டின் விருந்தாளியாகப் போனார். அதாவது அதுவும் சொந்தக் காசு இல்லை. அவர் காலத்துப் பெரிய சொகுசுக் கப்பல்களில் பலமுறை போய் வந்த மனிதர், ஒரு தடவைகூட அதைத் தன் சம்பாத்தியம் என்று பேசியவரில்லை. அந்த வருடமே அளசிங்கப் பெருமாள் சென்னையில் 'பிரம்மவாதின்' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து விவேகானந்தரும் அனுப்பினார். அதாவது திருவல்லிக்கேணி வசூலின் ஒரு பங்கு திருவல்லிக்கேணிக்கே திரும்பி வந்தது.

வாத்தியார் கடைசி வரை சென்னையில்தான் இருந்தார். பத்திரிகை, பள்ளிக்கூடம், குடும்பக் கஷ்டம். 1909-ல் இறந்துபோனார். கப்பலேறியவரைப் பற்றி நூற்றுக்கணக்கில் புத்தகங்கள். டிக்கெட் வாங்கித் தந்தவர் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு ஹைதராபாத் டிக்கெட். 1895-ல் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள். சரோஜினி சட்டோபாத்யாய, பின்னாளில் சரோஜினி நாயுடு. பன்னிரண்டு வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷனில் முதலிடம் வாங்கிய பெண். இந்த டிக்கெட் நிஜாமின் உதவித்தொகை. அரண்மனைக் காசு. மூன்று வருடத்தில் திரும்பி வந்தார், வேறு சாதியைச் சேர்ந்த டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1928-ல் காந்தியின் தூதராக அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கா போய், ஊர் ஊராக இந்தியாவைப் பற்றிப் பேசினார். முந்தைய வருடம் வெளிவந்த காதரின் மேயோவின் 'மதர் இந்தியா' புத்தகம் நம்மை நாறடித்திருந்த நேரம் அது. ஆக, பெரிய இடத்துக் காசு என்றால் பாவக் காசு என்று நான் சொல்லவில்லை. கொடுத்த கை எதற்காகக் கொடுத்தது, வாங்கிய கை அதை எப்படி நினைவில் வைத்தது, இந்த இரண்டும்தான் முக்கியம்.

காசு கொடுத்தவன் ஆளையே விலைக்கு வாங்கிய கப்பல்களும் இருந்தன. அட்லாண்டிக்கைக் கூட்டமாகக் கடந்த முதல் தமிழர்கள் யாரும் கோட்டு சூட்டு போட்டவர்கள் இல்லை. 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரிப் பக்கத்து மக்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1854 டிசம்பரில் குவாடலூப். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து அடுத்த முப்பது வருடத்தில் ஆயிரக்கணக்கானோர் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களும் டிக்கெட்டுக்குக் காசு தரவில்லை. தோட்ட முதலாளி தந்தான். பதிலுக்கு ஐந்து வருட ஒப்பந்தம். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், தமிழ் மட்டும் போய்விட்டது.

நவாப் நீட்டிய ஆயிரம், நிஜாமின் உதவித்தொகை, திருவல்லிக்கேணி வசூல், தோட்டத்து ஒப்பந்தம். கடல் தாண்ட நான்கு விதக் காசு. டிக்கெட் யார் காசோ, போகிறவன் அவருக்குத்தான் கடன்பட்டவன். இதில் திருவல்லிக்கேணி மாதிரிக் கடனைத்தான் நாம் தொலைத்துவிட்டோம் என்பது என் ஆதங்கம்.

அந்தக் கடன் ஒரு மனிதனை எப்படி மாற்றும் என்பதற்கு ஒரு உதாரணம். 1914 மார்ச் 17, சென்னைத் துறைமுகம், 'நெவாசா' கப்பல். ராமானுஜன் ஏறுகிறார். அதற்கு முன்பே அவரைத் தாங்கிப் பிடித்தவர்கள் வரிசையாக உண்டு. மாதம் 25 ரூபாய் கொடுத்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், போர்ட் டிரஸ்ட் ஆபீசில் அவர் கணக்குகளோடு மல்லுக்கட்டிய நாராயண ஐயர், மேலதிகாரி பிரான்சிஸ் ஸ்பிரிங். கேம்பிரிட்ஜ் போவதற்குச் சென்னைப் பல்கலைக்கழகம் வருடம் 250 பவுண்டு கொடுத்தது. கப்பல் செலவும் உடுப்புச் செலவும் தனி. அந்த 250-ல் 50 பவுண்டு கும்பகோணத்தில் இருக்கும் குடும்பத்துக்கு.

ஐந்து வருடம் கழித்து, 1919 ஜனவரி. ராமானுஜன் உடல்நலம் கெட்டு லண்டன் பக்கம் ஒரு மருத்துவ இல்லத்தில் இருக்கிறார். ஊர் திரும்பினால் வருடம் 250 பவுண்டு தருகிறோம் என்று பல்கலைக்கழகம் எழுதுகிறது. அவர் 11-ஆம் தேதி பதில் போடுகிறார். சாராம்சம் இதுதான்: எனக்கு இவ்வளவு தேவைப்படாது. இங்கே ஆன செலவைக் கழித்து, பெற்றோருக்கு வருடம் 50 பவுண்டு கொடுத்து, என் தேவைக்கும் எடுத்தபின் மீதியை ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவு செய்யுங்கள்.

முப்பத்தொரு வயது. உடம்பில் தெம்பில்லை. சொந்த வீடு கிடையாது. அந்த நிலையில் அடுத்த பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸை யோசிக்கத் தோன்றுகிறது. மகான் என்று மாலை போட்டு இதைத் தள்ளிவைக்க நான் தயாரில்லை. தான் படித்ததே நாலு பேர் கொடுத்ததில்தான் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் தோன்றியது. 1920 ஏப்ரலில் அவர் போய்விட்டார். அந்தக் கடிதம் நிற்கிறது.

பணத்தைத் தவிர வேறு கட்டணமும் கப்பலுக்கு உண்டு. 1930 ஜூலை 31, பம்பாயிலிருந்து 'பில்ஸ்னா' கப்பலில் பத்தொன்பது வயது சந்திரசேகர் கிளம்பினார். அரசு உதவித்தொகை. வீட்டில் அம்மா சீதாலட்சுமி படுத்த படுக்கை. போக வேண்டாம் என்று தடுக்க எல்லா நியாயமும் இருந்தது. அம்மாதான், இவன் எனக்காக மட்டும் பிறந்தவனில்லை, போகட்டும் என்றார். கப்பலில் கிடைத்த தனிமையில் பையன் நட்சத்திரங்களின் கணக்கைப் போட்டான். ஐம்பத்து மூன்று வருடம் கழித்து, 1983-ல், நோபல் பரிசு வந்தது. ஆனால் 1931 மே மாதமே அம்மா போய்விட்டார். கேம்பிரிட்ஜுக்கு வந்தது தந்தி மட்டும்தான். கப்பல் காலத்தில் காரியத்துக்குக்கூட வந்து சேர முடியாது. 1935 டிசம்பரில் அவர் அட்லாண்டிக்கைக் கடந்து ஹார்வர்டுக்கு முதல்முறை போனபோது, பார்த்துச் சந்தோஷப்பட அந்த அம்மா இல்லை. டிக்கெட்டின் ஒரு பகுதியை எப்போதும் ஊரில் இருப்பவர்கள்தான் கட்டுகிறார்கள்.

நிற்க. இன்றைக்கு வருவோம்.

இன்றைக்கு அட்லாண்டிக் தாண்டுவதற்கு ஹைதராபாத்தைப் போல் தோதான ஊர் கிடையாது. 2008-ல் அமெரிக்கத் தூதரகக் கிளை இங்கே திறந்தபோது எங்கே திறந்தார்கள்? பேகம்பேட்டில் பைகா அரண்மனையில். விவேகானந்தருக்கு ஆயிரம் ரூபாய் நீட்டிய குர்ஷித் ஜாவின் அதே பைகா வம்சத்தார் கட்டியது! 2023-ல் நானக்ராம்குடாவில் சொந்தக் கட்டடத்துக்குப் போகும்வரை அந்த அரண்மனை வாசலில்தான் நம் பிள்ளைகள் ஃபைலைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இன்னொரு பக்கம் உஸ்மான் சாகர் கரையில் சில்கூர் பாலாஜி. செல்லப்பெயர் 'விசா பாலாஜி'. வேண்டிக்கொள்ள 11 சுற்று, விசா கிடைத்தால் 108 சுற்று. அந்தக் கோவிலில் உண்டியல் கிடையாது. அமெரிக்கா போகும் வழியில் காசு கேட்காத ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன் :-)

மற்ற எல்லா இடத்திலும் காசு. பரீட்சைக்குக் காசு, விண்ணப்பத்துக்குக் காசு, விசாவுக்குக் காசு. மாணவர் விசாவுக்கான சேவிஸ் கட்டணம் மட்டும் 2019-ல் 200 டாலரிலிருந்து 350 ஆனது. 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். படித்து முடித்தபின் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கியவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இந்தக் காசெல்லாம் எங்கிருந்து வருகிறது? அப்பாவின் பி.எஃப்., அம்மாவின் நகை, ஊரில் இருக்கும் வீட்டுப் பத்திரம், பேங்க் லோன். ஒரு குடும்பம் தன்னந்தனியாக, அக்கம்பக்கம் தெரியாமல், சில சமயம் சொந்த அண்ணன் தம்பிக்கே சொல்லாமல், மொத்தத்தையும் தலையில் சுமக்கிறது.

இதில் தப்பென்ன, அவரவர் பிள்ளைக்கு அவரவர் செலவு செய்கிறார்கள் என்று கேட்கலாம். தப்பில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். இப்படிப் போகும் பிள்ளைக்கு முதல் சம்பளத்திலிருந்தே கடன் பேங்குக்கு. அப்புறம் அப்பா அம்மாவுக்கு. இரண்டையும் அடைத்து முடிக்க ஏழெட்டு வருடம். 'ஊருக்கு என்ன செய்தாய்?' என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டால், 'ஊர் எனக்கு என்ன செய்தது?' என்று திருப்பிக் கேட்கும். நியாயமான கேள்வி. நாம் பதில் சொல்ல முடியாது. 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு நன்றியே இல்லை' என்று சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக் பிடிக்கிறவர்களுக்கு என் பதிலும் அதுதான். விதைக்காமல் அறுக்க முடியாது சார்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பத்திரமும் இல்லை, பி.எஃப். கணக்கும் இல்லை. ஐ.டி.யில் வேலை செய்யும் நாம் மட்டும்தான் ஹைதராபாத் தமிழர்கள் என்று ஒரு நினைப்பு நமக்கு. மெஸ்ஸில் சமைப்பவர், இட்லி வண்டி போட்டவர், கட்டட மேஸ்திரி, டிரைவர், அச்சகத்துக்காரர் என்று நமக்கு முன்பே வந்தவர்கள் எத்தனையோ குடும்பம். அவர்கள் பிள்ளைகள் இங்கேயே பிறந்து தெலுங்கு மீடியத்தில் படித்து நல்ல மார்க்கும் வாங்குகிறார்கள். அரசாங்க உதவித்தொகை கேட்டுப் போனால் என்ன ஆகிறது? தமிழ்நாட்டில் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று கேட்பார்கள். தெலங்கானாவில் உள்ளூர்க்காரர் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். சாதிச் சான்றிதழ் இன்னும் சிக்கல். ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கே ஆந்திராவிலிருந்து பம்பாய்க்குச் சின்ன வயதில் போன ஒரு பையனின் மெடிக்கல் சீட் விவகாரம்தான். ஆக, குடிபெயர்ந்த ஏழைப் பிள்ளை இரண்டு மாநிலத்துக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. நடுவே விழும் பிள்ளையைப் பிடிக்கச் சட்டத்தில் கை இல்லையென்றால் அந்தக் கை நாமாகத்தான் இருக்க வேண்டும்.

அதனால் என் யோசனை இதுதான். ஒவ்வொரு வெளியூரிலும் இருக்கும் தமிழ்ச் சங்கமோ, அடுக்ககத் தமிழர் குழுவோ, கோவில் கமிட்டியோ ஒரு பயண நிதி தொடங்க வேண்டும். கணக்கு சிம்பிள். 150 குடும்பம், மாதம் 200 ரூபாய். வருடத்துக்கு 3,60,000. ஒரு பிள்ளைக்கு 1,20,000 என்று வைத்தால் வருடத்துக்கு மூன்று பிள்ளைகள். இதில் அமெரிக்கப் படிப்பே முடிந்துவிடுமா என்றால் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. படிப்புச் செலவுக்கு உதவித்தொகையோ பேங்கோ வரும், அட்மிஷன் கிடைத்தால். அட்மிஷன் வரைக்கும் போவதற்கு ஆகும் செலவுக்குத்தான் யாரும் வருவதில்லை. பாஸ்போர்ட், பரீட்சைக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விசா, விமான டிக்கெட், குளிருக்கு ஒரு நல்ல கோட்டு. ராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் உடுப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது. விவேகானந்தர் அது இல்லாமல் பசிபிக்கில் நடுங்கினார். நல்ல பிள்ளைகள் பலர் தடுக்கி நிற்பது இந்தச் சின்னப் படியில்தான். அமெரிக்காதான் போக வேண்டும் என்றும் இல்லை. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. நேர்முகத்துக்கு ரயில் டிக்கெட் என்றாலும் அதே நிதிதான்.

வரப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும்.

'யாருக்குக் கொடுப்பது என்று யார் முடிவு செய்வது? கமிட்டிக்காரன் மச்சினன் பையனுக்குத்தானே போகும்?' நியாயமான பயம். சங்கத்துக்கு வெளியே இருக்கும் இரண்டு ஆசிரியர்களை, முடிந்தால் தெலுங்குக்காரர்களை, தேர்வுக்குப் போடுங்கள். கமிட்டி உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடையாது என்று எழுதி வையுங்கள். வருடா வருடம் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அளசிங்கப் பெருமாள் கையில் ரசீதுப் புத்தகம் இருந்ததோ இல்லையோ, அவர் கை சுத்தம் என்று ஊருக்குத் தெரியும். நமக்கு ரசீதும் வேண்டும்.

'போகிறவன் திரும்பி வரமாட்டான், நமக்கென்ன லாபம்?' சந்திரசேகரும் திரும்பி வரவில்லை. சிகாகோவிலேயே இருந்துவிட்டார். அதனால் அவர் டிக்கெட் வீண் என்று யாராவது சொல்வார்களா? திரும்பி வா என்று பாண்டு எழுதி வாங்கினால் நாம் மார்த்தினிக் தோட்ட முதலாளியாகிவிடுவோம். வட்டியும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை போதும். உனக்கு மிஞ்சும்போது அடுத்த பிள்ளைக்குக் கொடு. ராமானுஜன் எந்தப் பாண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தக் கடிதத்தை எழுதவில்லை.

'நம் பிள்ளைகளுக்கே கட்ட முடியவில்லை, ஊரான் பிள்ளைக்கு எப்படி?' இதுதான் கஷ்டமான கேள்வி. என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான். மாதம் இருநூறு ரூபாயில் உங்கள் பிள்ளையின் லோன் அடையப் போவதில்லை. ஆனால் அந்த இருநூறை நீங்கள் கொடுப்பதை உங்கள் பிள்ளை பார்க்கும். படிப்பு என்பது வீட்டுப் பத்திரத்தை வைத்து விளையாடும் சூதாட்டம் என்று மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு, அது ஊர் கூடி இழுக்கும் தேராகவும் இருக்கலாம் என்று தெரிய வேண்டாமா? கொடுக்க முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். பரீட்சைக்குச் சொல்லிக் கொடுக்கலாம், விண்ணப்பம் நிரப்பித் தரலாம், விசா நேர்முகத்துக்குப் பழக்கலாம். அதற்கு நம்மில் ஆளா இல்லை?

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு ஒரே வாரத்தில் வசூல் செய்கிற கூட்டம் நாம். அந்தத் திறமையில் பத்தில் ஒரு பங்கு போதும். வருகிற சித்திரைக்குள் உங்கள் ஊரில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஆரம்பியுங்கள். முதல் வருடம் ஒரே ஒரு பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் கட்டினாலும் போதும். எங்கள் பக்கம் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. ஆறு குடும்பம் சரி என்றிருக்கிறது, இரண்டு குடும்பம் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறது. யோசிக்கிறவர்களை நான் விடுவதாக இல்லை.

பி.கு.: இந்த நிதிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது (தமிழன்டா!). என் ஓட்டு அந்தத் திருவல்லிக்கேணி வாத்தியார் பெயருக்கு. அவர் பெயரில் யாராவது கப்பலேறட்டும்.